நிற்கப் பழகிய தண்ணீர்

லிந்துலைக்கு மேலே கல்மூலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மீன்தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி உடைந்தபோது, உள்ளே இருந்த தண்ணீர் கொட்டவில்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. மலையில் கொழுந்து பறித்த பெண்கள் காலைக் கொழுந்தை நிறுக்க இறங்கிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் வேலை முடிந்து வரும்வரை கைப்பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த நீள அறையில், திலக்ஷன் என்ற மூன்று வயதுப் பையன் சுவரில் இருந்த பல்லியைக் குறிபார்த்து ஒரு மரப்பொம்மை லாரியை வீசினான். பல்லி தப்பித்தது. கண்ணாடி நொறுங்கித் தரையில் விழுந்தது. பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருந்த பவுலின் முதலில் செய்தது, வெறுங்காலோடு நின்ற பிள்ளைகளைத் தூக்கித் தூக்கித் தொட்டில்களுக்குள் போட்டதுதான். பிறகு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினாள். கூட்டி முடித்து, ஈரத்தைத் துடைக்கத் துணி எடுத்து வந்தபோதுதான் தரையில் ஈரமே இல்லை என்பதைக் கவனித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் மேசையின் மேல், கண்ணாடி இருந்தபோது எப்படி இருந்ததோ அதே சதுரத்தில் நின்றுகொண்டிருந்தது. தங்கமீன்கள் அந்த ஓரம்வரை வந்து, வழக்கம்போலத் திரும்பிப் போயின. தொட்டிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த சுலக்ஷனா மட்டும் எழுந்து ஓடவில்லை. அவள் தண்ணீரைப் பார்த்து ஒரு விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். பவுலின் துணியைக் கொடியில் திரும்பப் போட்டுவிட்டுக் கஞ்சி ஊற்றப் போனாள். அதற்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது.

சுலக்ஷனாவுக்கு அப்போது நான்கு வயது. அதற்கு முந்தைய நவம்பர் மாதத்து அடைமழையில், விடியும் முன்னால், தோட்டத்தின் கீழ் டிவிசனில் அவர்கள் குடியிருந்த லயத்தின் வரிசை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அவளுடைய அப்பா பிரதாப் அன்று தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்தார். அம்மா தனுஜா பிள்ளையைத் தூக்கி விறகு அடுக்கும் பரண்மேல் ஏற்றிவிட்டாள். தானும் ஏறுவதற்காக அடுப்புத் திட்டில் கால்வைத்தபோது, தண்ணீர் பின்கதவு வழியாக வந்து, முன்கதவு வழியாக அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிள்ளை மேலே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனுஜாவை நாலைந்து நாள் கழித்து ஆற்றின் வளைவில் கண்டெடுத்தார்கள். பிரதாப்புக்கு மேல் டிவிசனில், பவுலினின் வீட்டுக்கு அடுத்த காம்பரா கொடுக்கப்பட்டது.

அதன்பிறகு சுலக்ஷனா தண்ணீரோடு பகையானாள். ஊமையாகிவிடவில்லை, முன்னைவிட அதிகமாகப் பேசினாள். பேசியதில் பாதி, தண்ணீரைத் திட்டுவதாக இருந்தது. பீலிக் குழாயில் ஓயாமல் விழும் ஊற்றுத் தண்ணீரைத் தூர நின்று, "வராத, அங்கிட்டே போ" என்று அதட்டுவாள். குளிக்கமாட்டாள். பிரதாப் ஈரத் துணியால் துடைத்துவிடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். தேநீர் குடிப்பாள், அதில் சாயம் இருப்பதால் உள்ளே தண்ணீர் இருப்பது தெரியாது. மழை தகரக்கூரையில் விழத் தொடங்கினால், எங்கே இருந்தாலும், ஏறக்கூடிய உயரமான ஓர் இடத்தைத் தேடி ஏறிக்கொள்வாள். பிள்ளைக் காம்பராவில் அது அலமாரியின் மேல்தட்டு. பவுலின் அங்கே ஒரு தலையணை போட்டுவைத்தாள்.

மீன்தொட்டி பவுலினின் யோசனை. அவள் கணவர் லோரன்ஸ் தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். அட்டனில் மூடிப்போன ஒரு விடுதியில் பெரிய தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது என்று அவர்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். பவுலின் அதைப் பற்றி ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு, வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிரதாப்பிடம் கேட்டாள்.

"ஓடுற தண்ணியத்தான் அது பாத்திருக்கு தம்பி. நிக்கிற தண்ணிய ஒருக்கா பாக்கட்டும்."

"வேணாங்க டீச்சர். இப்பதான் கொஞ்சம் தூங்குது."

"கண்ணாடிக்குள்ள இருக்கும். எங்கயும் வராது."

"அந்தத் தொட்டி வந்திச்சின்னா, நான் புள்ளயத் தூக்கிக்கிட்டு ராகலைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருவேன்" என்றார் பிரதாப். அவர் குரல் உயர்த்தாமல் சொன்னதால் பவுலின் அதை நம்பினாள். நம்பியும் லோரன்ஸை அட்டனுக்கு அனுப்பினாள்.

தொட்டி உர மூட்டைகளுக்கு நடுவே, சாக்குகளில் சுற்றப்பட்டு வந்து சேர்ந்தது. செய்தி தெரிந்து பிரதாப் தொழிற்சாலையிலிருந்து நேரே பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். மகளுடைய உடுப்புகளைக் கூட ஒரு பையில் எடுத்து வந்திருந்தார். வாசலில் வந்து நின்றவர் அங்கேயே நின்றுவிட்டார். தொட்டி இன்னும் காலியாக இருந்தது. பிள்ளைகள் முறைவைத்து அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது சுலக்ஷனாவின் முறை. அவள் கண்ணாடிக்கு உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெளியே இருந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் காட்டும் கோணல் முகங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிரதாப் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார். ராகலைப் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

தொட்டியைத் தயார்செய்வது பிள்ளைகளின் வேலையாக்கப்பட்டது. அவர்கள் கூழாங்கல் பொறுக்கினார்கள். பீலியடியில் வாளிகளில் போட்டுக் கழுவினார்கள். பவுலின் வாளியைச் சாய்த்துப் பார்த்து, தண்ணீர் இன்னும் கலங்கல் என்று சொல்ல, திரும்பவும் கழுவினார்கள். மேசை ஆடாமலிருக்க லோரன்ஸ் காலுக்குக் கீழே பலகை வைத்தார். ஓடையோரத்துப் பாசியும் நீர்ச்செடிகளும் கல்லுக்குள் நடப்பட்டன. பிறகு பிள்ளைகள் வரிசையாகத் தகரக் கோப்பைகளில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பாதித் தண்ணீர் வழியிலும் பாதி சட்டையிலும் போனது. ஊற்றத் தொடங்கியதும் சுலக்ஷனா அலமாரி மேல் ஏறிக்கொண்டாள். அங்கிருந்து தொட்டி முழுவதும் தெரிந்தது. தண்ணீர் ஏறி ஏறி வந்ததையும், மேலே விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் அது நின்றுவிட்டதையும் அவள் பார்த்தாள்.

மீன் உடனே வரவில்லை. அட்டனில் மீன் விற்கும் ஜெயகாந்தன் என்பவர் லோரன்ஸிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தக் குளிருக்குத் தங்கமீன்தான் தாங்கும், வேறு எதையும் வாங்கிப் பாவத்தைச் சம்பாதிக்கவேண்டாம் என்பது ஒன்று. சில வாரங்களுக்குத் தண்ணீரை மீனில்லாமல் சும்மா விடவேண்டும் என்பது இன்னொன்று. தண்ணீர் முதலில் அரிசி கழுவினது போல வெளுத்தது. பிறகு தானாகத் தெளிந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் மீன் எங்கே என்று கேட்டார்கள்.

"தண்ணி மொதல்ல பழகட்டும்" என்றாள் பவுலின்.

"எதுக்குப் பழகணும்?" என்று அலமாரி மேலிருந்து கேட்டது ஒரு குரல்.

பவுலின் ஒரு பிள்ளைக்குக் கால்கழுவிக்கொண்டிருந்தாள். "நிக்கப் பழகட்டும்" என்று சொல்லிவைத்தாள்.

சுலக்ஷனா அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் அலமாரியிலிருந்து இறங்கி வந்து, தொட்டிக்கு ஓர் எட்டுத் தூரத்தில் நின்று, விரலை நீட்டி, "நில்லு" என்றாள். தண்ணீர் நின்றது, அது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் திருப்திப்பட்டாள். காலையில் வந்ததும் ஒரு தடவை, சாயந்தரம் பிரதாப் கூட்டிப்போக வரும்போது ஒரு தடவை சொல்வாள். தான் இல்லாதபோது அது நகர்கிறதா என்று பார்ப்பதற்காக, நெற்றியில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து, கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒட்டினாள். சில நாட்களில் மட்டம் பொட்டுக்குக் கீழே இறங்கியது. "எங்க போன நீ?" என்று அவள் தொட்டியை அதட்டினாள். தண்ணீர் ஆவியாகப் போகும் என்று பவுலின் விளக்கியதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. போனதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்றாள். பவுலின் ஒரு கோப்பையில் மொண்டு ஊற்றினாள். அடுத்த வாரம், "நான் ஊத்துறேன்" என்றாள் சுலக்ஷனா. கோப்பையைக் கைநீட்டித் தள்ளியே பிடித்துக்கொண்டு, அதிலிருந்த தண்ணீரையும் அதட்டியபடி, நடந்து வந்து ஊற்றினாள். அதைப் பவுலின் பிரதாப்பிடம் சொன்னாள். மறுநாள் சாயந்தரம் அவர் சீக்கிரமாக வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தங்கமீன்கள் வந்தன. அவை வந்த பையோடு தொட்டியில் மிதந்து, குளிருக்குப் பழகி, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். கொழுத்து மெதுவாக நகர்ந்தது துரை. மற்றவற்றின் பின்னாலேயே சுற்றித் திரிந்தது கங்காணி. எப்போதும் வாயைத் திறந்து திறந்து மூடியதற்குத் தலைவர் என்று பெயர் வந்தது. தோட்டத்தை நடத்தும் உண்மையான துரை ஒருமுறை வந்து பார்த்தபோது எது துரை என்று யாரும் அவருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திலக்ஷன் பல்லியைக் குறிபார்த்தது.

கண்ணாடி உடைந்த செய்தி மத்தியானத்துக்குள் மூன்று டிவிசனுக்கும் பரவியது. கொழுந்துப் பெண்கள் தலையில் கூடையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். துரை வந்தார். சுற்றி ஒருமுறை நடந்தார். ஒரு விரலைப் பக்கவாட்டில் நுழைத்து, எடுத்து, ஈரமான விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். மிச்சமிருந்த கண்ணாடிகளும் விழுந்து பிள்ளைகளுக்குப் பட்டுவிடக்கூடாது, அதனால் அவற்றையும் கழற்றிவிடுங்கள் என்று சொன்னார். லோரன்ஸ் பிளேடால் ஓரப் பசையை அறுத்து அவற்றையும் எடுத்தார். பொட்டு ஒட்டிய கண்ணாடித் துண்டு எது என்று யாரும் தேடவில்லை. நுவரெலியாவிலிருந்து நீர் வழங்கலைப் பார்க்கும் பொறியியலாளர் ஒருவர் வந்தார். குழாயில் வரும் தண்ணீர்தான் தன் பொறுப்பு, இது குழாயில் வரவில்லை என்று சிங்களத்தில் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். கோயில் பூசாரி விபூதி வைக்கப் பார்த்தார், வைக்க இடம் கிடைக்கவில்லை. பாதர் வந்து ஜெபம் செய்தார், ஆனால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சொல்லவில்லை. சில நாட்களில் பிள்ளைக் காம்பரா பழையபடி ஓடத் தொடங்கியது. வேலை குறைந்தது என்று பவுலின் சொன்னாள். பாசி படிந்த கண்ணாடியைத் தேய்க்கவேண்டியதில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கண்ணாடி இல்லை என்பது மீன்களுக்கு மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. ஒருநாள் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் கங்காணி ஓரம்வரை வந்து, திரும்பாமல், வெளியே வந்துவிட்டது. பாயில் விழுந்து துடித்தது. பவுலின் வெளியே துணி அலசிக்கொண்டிருந்தாள். விழித்திருந்தவள் சுலக்ஷனா மட்டுந்தான். அவள் மீனைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். "டீச்சர்" என்று ஒரு தடவை கூப்பிட்டாள்; பீலிச் சத்தத்தில் அது வெளியே கேட்கவில்லை. பிறகு மீனை இரண்டு கையாலும் எடுத்து, அந்தக் கையோடு தண்ணீருக்குள் முழங்கைவரை விட்டு, விரித்தாள். மீன் போய்விட்டது. கையை உடனே எடுக்கவில்லை. பவுலின் உள்ளே வந்தபோது அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள், தண்ணீரின் சதுரத்துக்குள் தன் விரல்கள் பெரிதாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு. "டீச்சர், இது சில்லுனு இருக்கு" என்றாள். அன்று சாயந்தரம் வீட்டில் பச்சைத் தண்ணீர் கேட்டாள். பிரதாப் கொடுத்த டம்ளரைப் பார்த்து முதலில் "நில்லு" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.

ஜூன் மாதம் தென்மேற்கு மழை தொடங்கியது. நடு டிவிசனின் லயம் ஒரு சரிவுக்குக் கீழே இருந்தது. அந்தச் சரிவில் நவம்பரிலேயே வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து, சுவர்களில் சிவப்புச் சாயத்தால் குறிபோட்டு, குடியிருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எங்கே போய்க் குடியிருப்பது என்று சொல்லவில்லை. அந்த ஆட்கள் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் பாய்விரித்துப் படுத்தார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். இப்போது மழை விடாமல் பெய்ய, லயத்துக்குப் பின்னால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்கியது. அந்த டிவிசனின் தொழிற்சங்கத் தலைவர் இராமையா, படங்குச் சீலையைத் தலையில் போட்டுக்கொண்டு, நான்கைந்து ஆட்களோடு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். மழைக்காக மலை வேலை நின்றிருந்தது. பிரதாப்பும் அங்கே இருந்தார்.

"ஒரு தடவ வந்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க தம்பி" என்றார் இராமையா. "மீன் தண்ணி கேக்குதுல்ல."

"அது சின்னப் புள்ள தலைவரே. அணக்கட்டு இல்ல."

"தெரியும் தம்பி. அணக்கட்டு கட்டித்தர ஆளில்லாமத்தானே புள்ளகிட்ட வந்து நிக்கிறோம்."

பிரதாப் அலமாரி மேலே மகளை நிமிர்ந்து பார்த்தார். பவுலின், "அது பயந்துக்கிருங்க தலைவரே" என்று குறுக்கே வந்தாள். அலமாரி மேல் தலையணையில் உட்கார்ந்திருந்த சுலக்ஷனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மழை பெய்தபோதும் தானாகவே இறங்கினாள். "நான் சொல்றேன்" என்றாள். "நான் சொன்னா நிக்கும்."

பிரதாப் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். பவுலின் குடையோடு பின்னால் போனாள். நடு டிவிசன் லயத்தில் ஒருவர்கூட உள்ளே இருக்கவில்லை. தண்ணீர் நிற்பதைப் பார்க்க எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் வந்திருந்தார்கள். வாதத்தில் கிடந்த அழகுமுத்துவைக்கூட அவர் மகன்கள் நாற்காலியோடு தூக்கிவந்து வெளியே வைத்திருந்தார்கள், அவரும் ஒரு கண் பார்க்கட்டும் என்று. லயத்தின் கோடியில், வெடிப்பிலிருந்து வந்த தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிரதாப் மகளை இறக்கிவிட்டார், கையை விடவில்லை. அவள் விரலை நீட்டினாள்.

"நில்லு" என்றாள்.

தண்ணீர் அவள் செருப்பின்மேல் ஏறி ஓடியது. அவள் திரும்பவும் சொன்னாள், இந்தத் தடவை கத்தி. தண்ணீர் ஒரு செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனது. சுலக்ஷனா அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"அப்பா, இது பழகல" என்றாள். "இதுக்குக் கேக்கல."

கையை உதறிவிட்டு ஓடினாள். ஒற்றைச் செருப்போடு, கோயிலடிப் படிகளில் ஏறி, பிள்ளைக் காம்பராவை நோக்கி ஓடினாள். பிரதாப் பின்னால் ஓடினார். பவுலின் குடையை விட்டுவிட்டு ஓடினாள். அதன்பிறகு நடந்ததைப் பற்றி அந்த லயத்து ஆட்கள் ஒரே மாதிரி சொல்வதில்லை. பிள்ளை எங்கேயோ கூட்டிப்போகிறது என்று நினைத்து ஓடியதாகச் சிலர் சொல்கிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் குலை நடுங்கிவிட்டது, சுவரில் போட்ட சிவப்புச் சாயத்தைப் பார்த்து அப்படி நடுங்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தான் எதையும் நினைக்கவில்லை, கால் போனது என்கிறார் இராமையா. எப்படியோ, எல்லோரும் ஓடினார்கள். அழகுமுத்துவின் நாற்காலியும் ஓடியது. கடைசி ஆள் கோயிலடியைத் தாண்டும்போது, பின்னால் பெரிய லாரியில் இருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது, லயம் இருந்த இடத்தில் மலை இருந்தது. கோழிகளும் ஒரு பசுவும் டிவிகளும் கல்யாணப் புடவைகளும் அதற்குக் கீழே போயின. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

பிள்ளைக் காம்பராவுக்குள் அத்தனை பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரோ அழுதார்கள், யாரோ தேநீருக்கு அடுப்பு மூட்டினார்கள். சுலக்ஷனா மீன் மேசைக்குக் கீழே, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிரதாப் குனிந்து தவழ்ந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தலை மேசைப் பலகையில் இடித்தது. மேலே தண்ணீர் ஒருமுறை தளும்பி அடங்கியது.

"பயந்திட்டியா?"

"ம்."

"நானுந்தான்."

அவள் கேட்டாள்: "நான் சொல்லியும் அது ஏன் நிக்கல?"

"எல்லாத் தண்ணியும் நிக்காது பாப்பா. நிக்காததக் கண்டா ஓடணும். நீ ஓடுன. சரியாத்தான் செஞ்ச."

"அம்மாவுக்கு ஓடத் தெரியாதா?"

பிரதாப் அந்தக் கேள்விக்காக நவம்பரிலிருந்து காத்திருந்தவர் போல இருந்தார். "தெரியும்" என்றார். "ஒன்ன மொதல்ல மேல ஏத்தணும்னு இருந்திச்சு அம்மாவுக்கு. தனக்கு அப்புறம்னு நெனச்சா."

சுலக்ஷனா அதை யோசித்தாள். பிறகு அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களில் அந்த அறையில் அத்தனை குடும்பங்கள் படுத்தெழுந்ததில், எத்தனை பேருடைய முழங்கையும் பிள்ளைகளின் காலும் அந்தத் தண்ணீரில் இடித்திருக்கும் என்று சொல்லமுடியாது. அது நகரவில்லை.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மலை விழப்போவது பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று பிரதாப்பிடம் கேட்டார்கள். "பயந்து ஓடிச்சுங்க" என்றார் அவர். "அவ்வளவுதான்." வேறு என்ன கேட்டும் அதையே சொன்னதால் அவர்கள் அலுத்துப்போய்ச் சரிவைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீரை யாரும் படமெடுக்கவில்லை; எடுத்திருந்தாலும் அது கண்ணாடித் தொட்டி போலத்தான் தெரிந்திருக்கும். அதன்பிறகு எந்த டிவிசனிலிருந்தும் யாரும் சுலக்ஷனாவைத் தண்ணீர் நிறுத்தக் கூப்பிடவில்லை. ஆனால் மழை வலுத்தால், சரிவுக்குக் கீழே இருக்கிற ஆட்கள் யாராவது ஒருவரை அனுப்பி, பிரதாப்பின் மகள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவரச் சொல்கிற பழக்கம் உண்டானது. அவள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தால் அவர்கள் நிம்மதியாகப் படுப்பார்கள். இது சரியில்லை என்று பவுலின் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இராமையா ஆட்களைத் திரட்டிக்கொண்டு காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தார். சமதரையாக இருந்த பழைய தேயிலை நிலம் ஒன்று வீடு கட்ட ஒதுக்கப்படும்வரை கொழுந்துக் கூடையை யாரும் தொடவில்லை. வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. கூரை போடாத சில வீடுகள் இன்னும் இருக்கின்றன.

சுலக்ஷனா முதலாம் வகுப்புக்குப் போனாள். பல் விழுந்தது, முளைத்தது. பீலியில் குளிக்கிறாள், குளிர் காலத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலவே குளிக்க மறுக்கிறாள். துரை என்ற மீன் அளவுக்கு மிஞ்சித் தின்று செத்தது, தோட்டத்து மரத்தடியில் புதைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த மீனும் துரை என்றே அழைக்கப்பட்டது. திலக்ஷனும் பள்ளிக்கூடம் போய்விட்டான். இப்போது பிள்ளைக் காம்பராவில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தத் தொட்டிக்குக் கண்ணாடி இருந்ததைப் பார்த்ததில்லை. மீன் வெளியே வந்து விழுந்தால் எடுத்து உள்ளே விடுவது அவர்களுக்குத் தெரியும். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

போன ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால், பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளையடிக்க மஸ்கெலியாவிலிருந்து சுதாகரன் என்ற பெயின்டர் வந்தார். புதிய ஆள். தொட்டில்களையும் அலமாரியையும் நகர்த்திய பிறகு, மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணாடி எங்கங்க டீச்சர்?"

"ஒடஞ்சிருச்சு" என்றாள் பவுலின், ஒரு பிள்ளைக்குத் தலைசீவிக்கொண்டே.

"அப்ப தொடைக்கிற வேல மிச்சம்."

"ஆமா. மேல மட்டும் ஒரு பேப்பரப் போட்டு மூடுங்க. பெயின்ட் சொட்டும்."

அவர் ஒரு பழைய பத்திரிகையை விரித்தார். தண்ணீரின் மேல் நேராகப் போட்டால் நனையும் என்பதால், இரண்டு விறகுக் குச்சிகளைக் குறுக்கே வைத்து அதன்மேல் பரப்பினார். பிறகு அவரும் லோரன்ஸும் மேசையை இரண்டு பக்கமும் பிடித்து, தண்ணீர் தளும்பாமல், மெதுவாக ஜன்னலோரத்துக்குத் தூக்கி வைத்தார்கள். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது. செடிகளுக்கும் அது நல்லது என்று பட்டதால், வேலை முடிந்த பிறகும் அங்கேயே விட்டுவிட்டார்கள்.